வெள்ளியங்கிரியில் கேட்ட இருமல்

இன்று காலை எனக்குச் சளி என்று மருமகள் நீலகிரித் தைலம் கொண்டுவந்து வைத்தாள். மூடியைத் திறந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வாசனைக்குச் சிரிப்பவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். காரணத்தை அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன், மாப்பிள்ளை.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு மார்கழி. கோவையில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த உங்களை என் தங்கைக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் பிடித்திருந்தும் அப்பாவுக்கு ஒரு குறை. எதைக் கேட்டாலும் "சரிங்க" என்கிறாரே, இவர் மனதில் இருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்றார். ஒரு நாள் கூட நடந்து பார்த்துவிட்டு வா, திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும் என்று என்னை அனுப்பினார்.

சித்திரைக் கூட்டத்தோடு ஒரே ஒரு முறை மலையேறியிருந்த தைரியத்தில், எனக்கு வழி அத்துப்படி என்று அளந்துவிட்டு உங்களை வெள்ளியங்கிரிக்கு இழுத்துப்போனேன். ஆளுக்கொரு மூங்கில் தடி. மேலே போனால் நான் பார்த்த பாதையையே காணோம். புல் இடுப்பளவு வளர்ந்து தடத்தை மூடியிருந்தது. உதிர்ந்த மூங்கில் இலைகள் பனியில் ஊறிக் காலடியில் நழுவின. பாறையெல்லாம் பாசி. மூடுபனியில் நீட்டிய தடியின் நுனிகூடச் சரியாகத் தெரியவில்லை.

ஒரு பெரிய பாறையருகே நான் இடது பக்கம் திரும்பினேன். பின்னால் நீங்கள் இருமினீர்கள். சளியா என்று கேட்டேன். "அதெல்லாம் இல்லீங்க" என்றீர்கள். வருங்கால மாப்பிள்ளைக்குக் கூச்சம் போலும் என்று பையிலிருந்த நீலகிரித் தைலத்தை எடுத்து நெஞ்சில் தேய்த்துவிட்டேன். மறுபடி இருமினீர்கள், மறுபடி தேய்த்தேன். மூன்றாவது முறை உங்கள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அப்போது என் தடி பட்டு ஒரு கல் உருண்டது. அது கீழே விழுந்த சத்தம் கேட்க வெகுநேரம் ஆயிற்று. நீங்கள் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துப் பின்னால் இழுத்தீர்கள்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. அந்தப் பாறைகிட்டயே வழி மாறிப்போட்டோமுங்க. பொண்ணு ஊட்டுக்காரருகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் இருமிப் பாத்தேனுங்க."

முதலில் கோபம் வந்தது. பிறகு இருவரும் ஈரப்பாறையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். இறங்கும்போது நீங்கள் முன்னால் போனீர்கள். நாம் உரசி வந்த புல்லில் பனி உதிர்ந்து கோடு போட்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே நடந்தீர்கள். நான் ஒரு பாசிக்கல்லில் காலை வைக்கப்போனபோது, "அங்க வெக்காதே" என்று அதட்டினீர்கள். காலையிலிருந்து நீங்கள் 'ங்க' போடாமல் பேசியது அந்த ஒரு முறைதான். எனக்கு அப்பாவிடம் சொல்லவேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அப்பா சிரித்தார். உள்ளேயிருந்து தங்கை குரல் கொடுத்தாள். "பாறைகிட்டத் தெரிஞ்சத பள்ளத்துக்கு வந்துதானா சொல்லுவாரு? செரி, எங்கிட்ட இருமட்டும், நான் கேட்டுக்கறேன்." சம்மதம் என்பதை அவள் அப்படித்தான் சொன்னாள்.

அவள் கேட்டாளோ இல்லையோ, நான் கேட்டேன். அறுபதுகளில் டூரிங் டாக்கீஸ் நடத்துகிறேன் என்று தோட்டத்தை விற்கக் கிளம்பியபோது, பந்தியில் பக்கத்து இலையிலிருந்து ஒரு இருமல். அதோடு அந்த ஆசையை விட்டேன். தோட்டம் இன்றும் இருக்கிறது.

நீங்கள் இல்லாத இந்த மார்கழி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எதையாவது துணிந்து செய்யக் கிளம்பினால், ஒரு நிமிஷம் நின்று பின்னால் காது கொடுக்கிறேன். சத்தம் ஒன்றும் வருவதில்லை. நின்ற அந்த ஒரு நிமிஷத்திலேயே எனக்குப் பாதி புத்தி வந்துவிடுகிறது, மாப்பிள்ளை.