ரேணிகுண்டா வழியே போன சேனை

திருப்பதிக்குப் பக்கத்து ரேணிகுண்டா விமான நிலையத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பக்கத்து இருக்கைக்காரரின் மடியில் ஒரு பை நிறைய லட்டு. நெய்யும் பச்சைக் கற்பூரமும் கலந்த மணம் கூடத்தை நிறைத்திருக்கிறது. "அது மொட்டைங்க ஏறுற ஏர்போர்ட்டுமே, நமக்கு மெட்ராசுதான்" என்பீர்கள். சுற்றிலும் மொட்டைத் தலைகள்தாம். அந்த அளவில் உங்கள் கூற்று சரி.

ஆந்திரத்துப் புத்தூரில் குடியிருந்துகொண்டு, இத்தனை அருகில் ஒரு விமான நிலையத்தை வைத்துக்கொண்டு, பறப்பதென்றால் எல்லை தாண்டிச் சென்னைக்குப் போவது நான் மருமகளாக வந்த உங்கள் வீட்டின் வழக்கம். தமிழனுக்கு அதுதான் சொந்த விமான நிலையமாம். ஐதராபாத்துக்கு எங்கிருந்து ஏறினாலும் ஏறக்குறைய ஒரு மணி நேரந்தானே என்று வாதிடுவீர்கள். பயண நேரத்தை வீட்டு வாசலிலிருந்து கணக்கிட வேண்டும் என்பது புவியியல் படித்த என் கட்சி. பறக்கும் நேரத்தை மட்டும் எண்ணுகிறவர் வானத்திலேயே குடியிருக்க வேண்டும்.

ஐதராபாத்தில் நம் மகளுக்கு வலி கண்டுவிட்டதாகத் தொலைபேசி வந்த காலையில் வாதம் பந்தயமாயிற்று. பிறந்த குழந்தையின் நாவில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுச் சேனை வைப்பவரின் குணமே அதற்கு வரும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. சம்பந்தி வீட்டார் அந்த உரிமையை நமக்கே விட்டிருந்தார்கள். "நீ வச்சா கொழந்தைக்கு உன் வாய் வந்துரும்மே. வூட்ல ஒன்னு போதும்" என்று சொல்லிவிட்டு, நகரி வழியாகத் தெற்கே காரில் விரைந்தீர்கள். நான் வாடகை வண்டி பிடித்து எதிர்த்திசையில் புறப்பட்டேன். சேனையில் எனக்குப் பெரிய நம்பிக்கையில்லை. தோற்பதில் அதைவிடக் குறைவு.

நான் மருத்துவமனையில் நுழைந்தபோது பேத்தியைத் துணியில் சுற்றித் தாயருகே கிடத்தியிருந்தார்கள். நர்ஸ் முறைத்ததைப் பொருட்படுத்தாமல், விரலைக் கழுவி ஒரு சொட்டுத் தொட்டு வைத்தேன். அவள் முகத்தைச் சுளித்தாள். நல்ல தொடக்கம் என்று எண்ணிக்கொண்டேன்.

வெயில் சாய்ந்த பிறகு, கசங்கிய சட்டையோடு, திருவள்ளூர் நெரிசலைத் திட்டியபடி வந்து சேர்ந்தீர்கள். என் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. நாற்காலியில் அமர்ந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னீர்கள்: "ஜன்னல்ல காளஹஸ்தி மலை தெரிஞ்சுதுமே. அவ்ளோ தூரம் போயி, நம்ம ஊரு பக்கமாவே திரும்பிப் பறந்துக்கினு வந்திருக்கேன்."

நம் மணவாழ்க்கையில் நீங்கள் தந்த ஒரே ஒப்புதல் வாக்குமூலம் அது.

அந்தப் பேத்திக்கு நாளை பள்ளியில் பேச்சுப்போட்டியின் இறுதிச் சுற்று. அதற்குத்தான் போகிறேன். சற்றுமுன் தொலைபேசியில், "ரேணிகுண்டாதானே ஆயா? தாத்தா மாதிரி ஊரைச் சுத்திக்கினு வராதே" என்றாள். பேச்சு வழக்கு உங்களிடம் கற்றது, வாய் என்னுடையது. உங்கள் அச்சம் பலித்துவிட்டது.

ஏறச் சொல்லி அழைக்கிறார்கள். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு ஜன்னலோர இருக்கையை நானே கேட்டு வாங்குகிறேன். காளஹஸ்தி மலை கண்ணில் பட்டால், உங்கள் தோல்வியை ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பேன், உங்கள் குரலிலேயே.