நீ நம்பாத மூன்று கடிகாரங்கள்

இன்று காலைத் தபாலில் உன் மகள் அனுப்பிய பொதி வந்தது. பிரித்ததுமே அந்துருண்டை வாசம். இரண்டு ஓரத்திலும் துளை போட்ட, மடித்து மடித்து வைத்த அந்தப் பழைய கணினித் தாள்கள். விண்கலங்கள் அளந்த காந்தப்புல எண்கள் வரிசை வரிசையாக. "அப்பா காலமான பிறகு அலமாரியை ஒழிக்கும்போது கிடைத்தது மாமா, மேலே உங்கள் பெயர் எழுதியிருந்தது" என்று ஒரு துண்டும் வைத்திருந்தாள். நல்ல பிள்ளை. உன்னைப் போல இல்லை.

கடைசித் தாளின் பின்பக்கம் உன் கையெழுத்து. நான் போட்டு அனுப்பிய கணக்கை நீ முதலிலிருந்து போட்டுப் பார்த்திருக்கிறாய். எனக்கு வந்த விடைதான் உனக்கும் வந்திருக்கிறது. அடியில் இரட்டைக் கோடு வேறு. தேதியைப் பார்த்தேன்; என் கடிதம் உன் கைக்குக் கிடைத்த அடுத்த வாரம். அப்படியென்றால் உனக்குத் தெரியும். இத்தனை வருஷமாக உன்னை வெறும் முட்டாள் என்று நினைத்து மன்னித்து வைத்திருந்தேன். அந்த மரியாதைக்கும் நீ லாயக்கில்லாமல் போய்விட்டாய்.

முட்டாள் என்று நினைத்ததற்குக் காரணம் இருந்தது. எழுபதுகளின் நடுவில் ஒரு பல்கலைக்கழக விடுமுறை. ஹட்டன் பஜாரில் உன் அப்பாவின் புடவைக் கடையை விட்டுவிட்டு, பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்திருந்தாய். பின்னேரம் பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் சுவர் மாதிரி ஏறி வருவதைப் பார்த்துவிட்டு, அது எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணக்கிலேயே கண்டுபிடிக்கலாம் என்றாய். மூன்று இடத்தில் மூன்று பேர் நின்று, பனி வந்து தொட்ட நேரத்தைக் குறித்தால் போதும். நல்ல யோசனைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். நீ கீழே தொழிற்சாலை வாசலில், நான் நடுவில் பள்ளிக்கூடத்தில், கொழுந்து எடுத்துவிட்டு வந்த என் அக்கா மேலே மாரியம்மன் கோயிலில். உன் கைக்கடிகாரத்தை அக்காவிடம் கொடுத்துவிட்டு, நீ தொழிற்சாலைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதினாய்; எனக்குப் பள்ளிக்கூடக் கடிகாரம்.

கணக்குப் போட்டால் பனி மலைக்குள்ளிருந்து புறப்பட்டுக் கீழே இறங்கியதாக வந்தது. அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அந்தக் கடிகாரத்தையா பாத்தீங்க தம்பி? அது எப்பவும் கால்மணி முந்தித்தான் ஓடும். காலையில பெரட்டுல வேலைக்குப் பேர் குடுக்க ஆளுங்க வெள்ளனமே வந்து நிக்கணும்னு வேலை வாங்குற கண்டாக்கையா திருப்பி வச்சிருக்காரு. லயத்துல எல்லாருக்கும் தெரியுமே."

"கணக்கு பொய் சொல்லாதுக்கா. பனி மேலேருந்துதான் வந்திருக்கணும்" என்றாய். அது கீழேயிருந்து ஏறியதை மூன்று பேரும் கண்ணால் பார்த்திருந்தோம். நீயும்தான் பார்த்தாய்.

பிறகு நீ வெளிநாடு போனாய், நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் ஆனேன். அங்கே போயும் நீ பிடித்துக்கொண்டது ஒரு சுவரைத்தான். சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் காற்றில் காந்தப்புலமும் சேர்ந்து வருகிறது. சில இடங்களில் அந்தப் புலம் சட்டென்று திசை மாறிவிடும். அந்த முறிவு ஒரு மெல்லிய சுவராகக் காற்றோடு நகர்கிறது. புலம் அந்தச் சுவரைத் துளைத்துக்கொண்டு போகிறதா, சுவரோடு ஒட்டி ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு முதலில் சுவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று தெரிய வேண்டும். நீ ஒரே ஒரு விண்கலத்தின் எண்களை வைத்து அதை முடிவு கட்டி, பெரும்பாலும் துளைத்துத்தான் போகிறது என்று கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாய். எண்பதுகளின் தொடக்கத்தில், அதே சுவர்களைக் கடந்த வேறு இரண்டு கலங்களின் எண்களையும் சேர்த்து விமானத் தபாலில் எனக்கு அனுப்பி, "சும்மா ஒருக்கா சரிபார்த்துவிடு" என்று எழுதினாய்.

இரண்டு மழைக்காலம் மடக்கை அட்டவணையும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். சுவர் ஒவ்வொரு கலத்தையும் எந்த நொடியில் கடந்தது, அப்போது கலங்கள் எங்கெங்கே நின்றன, காற்றின் வேகம் என்ன, இவ்வளவுதான் வேலை. விடை தெளிவாக இருந்தது. சுவர்கள் நீ சொன்ன பக்கம் பார்த்து நிற்கவில்லை. அநேகமானவற்றில் புலம் சுவரோடு ஒட்டித்தான் ஓடியது. உன் ஆய்வேடு அடியோடு கவிழ்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும். சிநேகிதன் என்பதால் உள்ளதை உள்ளபடி எழுதி, தாள்களையும் திருப்பி அனுப்பினேன்.

அதற்கு நீ எழுதிய பதில் இன்னும் மனப்பாடம். "கலங்களின் கடிகாரங்கள் பிசகியிருக்கும். நீ பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடு. இது உனக்கு வேண்டாத வேலை." கண்டாக்கையா திருப்பி வைத்த கடிகாரத்தைக் கும்பிட்ட ஆள், நொடி பிசகாத மூன்று கடிகாரங்களைப் பொய் என்கிறான்!

கலாநிதியாகி நீ ஊருக்கு வந்தபோது ஹட்டனில் பாராட்டு விழா வைத்தார்கள். பஜார் முதலாளிமார் முன்வரிசையில், உன் தோளில் பொன்னாடைக்கு மேல் பொன்னாடை. அவர்களில் ஒருவருக்காவது நீ என்ன கண்டுபிடித்தாய் என்று தெரியாது; அது உனக்கு வசதியாகவும் இருந்தது. நானும் அக்காவும் பின்வரிசையில். உன் முகத்தைப் பார்த்து, ஏன்டா இப்படிச் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடத்தான் பஸ் ஏறியிருந்தேன்.

நீ முந்திக்கொண்டாய். ஒலிவாங்கியைப் பிடித்து, "என் கணக்கையெல்லாம் வரிவரியாகப் பார்த்துச் சரி என்று சொன்னவர் வெள்ளைக்காரர் இல்லை, நம்ம தோட்டத்து ஆசிரியர். அந்தா இருக்கிறார். எழும்பி நில்லுங்க மாஸ்டர்" என்றாய். மாஸ்டராம். வாழ்நாளில் என்னை 'டா' போடாமல் நீ கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

மண்டபம் முழுக்கத் திரும்பியது. என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் தாய்தகப்பன்மார் முகமெல்லாம் பூரிப்பாகக் கைதட்டினார்கள். எங்கள் லயத்து ஆள் ஒருவனுக்காக ஹட்டனில் அப்படியொரு கைதட்டலை நான் கேட்டதேயில்லை. எழும்பினேன். நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"நீ அவருக்கு சரின்னா எழுதுன? பிழைன்னுல்ல சொன்ன?"

நான் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

உன்னைத் திட்டித் தீர்த்தால் மனம் ஆறும் என்று இவ்வளவும் எழுதினேன். ஆறவில்லை. நீ கோழை, பொய்யன். அதில் எனக்கு இனிச் சந்தேகமே இல்லை. ஆனால் அன்றைக்குக் கும்பிட்ட கை என்னுடையது. அக்கா இப்போதும் பக்கத்து அறையில்தான் படுத்திருக்கிறாள். அந்தக் கேள்வியை அவள் அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.