கூப்பிடத் தெரிந்த துணி

இன்று காலை லேசரைப் போட்டதும் அந்த மணம் வந்தது. மயிர் கருகுவது போல, அதற்குள் லேசாக ஓர் இனிப்பு. மஞ்சள் பிளாஸ்டிக் படலத்தின் மேல் ஒளி ஊர்ந்த இடமெல்லாம் கறுத்து, பஞ்சு போன்ற கரிக்கோடுகளாகப் படிந்தது. கிராபீன், மின்சாரம் கடத்தும் கரி. "மேகத்தை எரிச்சா இப்பிடித்தான் மணக்கும்" என்பாய் நீ. அது, ஆடைக் கொம்பனியின் இந்த ஆய்வறையில் நாமிருவரும் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் இருந்த காலம்.

அந்தக் கோடுகளைத் துணியில் பதித்தால் தசையின் சின்ன அசைவையும் அவை உணரும். ஓட்டக்காரர்களின் சட்டைக்காகத்தான் செய்துகொண்டிருந்தோம். பிறகு உன் தொண்டையில் புற்று என்றார்கள். குரல்வளையை எடுக்க வேண்டும் என்றார்கள். "அப்ப எனக்கொரு கழுத்துப்பட்டி செய்வம்" என்றாய், தேநீர் கேட்பது போல.

நீ சத்தமின்றி வாயசைத்தாலும் கழுத்துத் தசை அசையும். பட்டி அதை அறிந்து, நீ முன்பே பேசிப் பதிந்த சொல்லைக் கைபேசியில் ஒலிக்கச் செய்யும். நாலைந்து சொற்களுக்கு மேல் அதற்குப் பிரித்தறியத் தெரியாது. "தண்ணி, நோகுது..." என்று நான் பட்டியலைத் தொடங்கினேன்.

"அதெல்லாம் கையால காட்டலாமடி" என்று சிரித்தாய். வெள்ளவத்தையில் என் வீட்டு யன்னலோரம் இருந்து, கடலைப் பார்த்தபடி, கணவரைக் கூப்பிடும் சொல்லைத்தான் முதலில் பதிந்தாய்: "இஞ்சருங்கோ." அந்நேரம் பார்த்துக் கீழே ரயில் போனது. திரும்பப் பதிவோம் என்றேன். "இருக்கட்டும். ரயிலும் வரட்டும்."

அறுவைக்குப் பிறகு, உன் கணவர் வெளியே போயிருக்கும் நேரங்களில், கொட்டாஞ்சேனையில் உங்கள் வீட்டில் பட்டியைக் கட்டிப் பார்த்தோம். வேர்வையில் அது குழம்பியது. நீ தேநீர் விழுங்கினாலே கூப்பிட்டது. கோடுகளை மாற்றி மாற்றி வரைந்தேன். ஒரு மழை மாலை, துறைமுகப் பக்கம் வானம் சாம்பலாகக் கரைந்துகொண்டிருக்க, நீ மெல்ல வாயசைத்தாய்.

"இஞ்சருங்கோ."

உன் குரல். அதன் பின்னால் வெள்ளவத்தை ரயில்.

"என்னப்பா?" என்றபடி, தேங்காய்ப்பால் வழியும் கையோடு அவர் குசினியிலிருந்து ஓடி வந்தார். வந்த பிறகுதான், கூப்பிட்டது பட்டி என்று அவருக்கு விளங்கியது. அப்படியே நின்றார். "இன்னொருக்காக் கூப்பிடும்." கூப்பிட்டாய். எதிரே நின்றுகொண்டே "ஓம்" என்றார். மழை விடும்வரை நீங்கள் இருவரும் இதையே செய்துகொண்டிருந்தீர்கள். நான் சுவரோடு சாய்ந்து, கனவுக்குள் இருப்பவள் போலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீ எங்களை விட்டுப் போன பிறகு அந்தப் பதிவை அவரிடம் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. "வேண்டாம், தங்கச்சி. அது வெறும் சத்தம். அவ வாயசைச்சாத்தான் கூப்பிடுறது."

இப்போது பட்டி கேட்டு வருகிற எவரிடமும், வேறெதற்கும் முன் ஒரு கேள்வி கேட்கிறேன். நீ எனக்குள் விட்டுப்போனது அது. இன்று புதுக்கடை நீதிமன்றத்திலிருந்து ஒரு வயதான சட்டத்தரணி வந்திருந்தார். அவருக்கும் குரல்வளை அறுவை நெருங்குகிறது. கூட வந்த மகள், "மருந்து, தண்ணி, டொக்டர்" என்று சொல்லிக்கொண்டே போனாள். அவளைச் சற்று வெளியே இருக்கச் சொன்னேன்.

"ஐயா, நீங்க ஆரைக் கூப்பிட வேணும்?"

அவர் யன்னல் பக்கம் திரும்பினார். பிறகு, வெட்கப்பட்டுச் சிரித்து, ஒரு பெயரை மிக மெல்லச் சொன்னார்.