ஓ.டி. என்று சொல்லிவிட்டுப் போன ஞாயிறுகள்

என் செண்பகத்துக்கு,

கல்யாணமான நாளிலிருந்து உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. கார்த்திகையில் அந்தக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு எழுதுகிறேன். பிரியம் மட்டும் காரணமில்லை. உன்னிடம் கேட்க வேண்டியது இருக்கிறது.

போன மாதம் தேவகி என்று ஒரு அம்மா நம் ஒரகடம் வீட்டுக்கு வந்தார். தண்டலத்தில் காலேஜ் நூலகராக இருக்கிறாராம். ஸ்ரீபெரும்புதூர் கல்யாண மண்டபத்தில் கவிதைத் திருவிழா, இந்த வட்டாரத்துக் கவிஞர்களுக்காகவே நடத்துகிறோம் என்று அழைப்பிதழை நீட்டினார். அதில் ‘மறைந்த கவிஞர்’ என்று போட்டு உன் பெயர். வேறு செண்பகமாக இருக்கும் என்றேன். இல்லை, மாதத்தில் இரண்டு ஞாயிறு எங்கள் வீட்டில் கூடுவோம், உங்கள் மனைவி தவறாமல் வருவார் என்றார்.

ஞாயிறா? ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கம்பெனியில் ஓ.டி., ஓவர்டைம் அல்லவா? சாப்பாட்டை நானே கட்டிக் கொடுத்தேனே.

ஒரு பொய் தெரிந்துவிட்டால் பழைய நாட்கள் எல்லாம் வேறு மாதிரி தெரிகின்றன. நீ போனைக் கவிழ்த்து வைத்தது, ஓ.டி. முடிந்தும் அசதியே இல்லாமல் சிரித்துக்கொண்டு வந்தது, எல்லாமே. அந்தக் கூட்டத்துக்கு ஆண்களும் வருவார்களா என்று தேவகியைக் கேட்டேன். வருவார்கள் என்றார். அதற்கு மேல் கேட்க வெட்கமாக இருந்தது.

திருவிழாவுக்குப் போனேன். கவிதை கேட்க இல்லை, ஆளைப் பார்க்க. மணிமங்கலத்து டீச்சர் ஒருவர் ஏரியைப் பற்றி வாசித்தார். நம் ஊர்ப் பக்கத்துப் பையன்கள் ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்து வாசித்தார்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் பெயரைச் சொன்னதும் யார் கண் கலங்கும்?

எழுந்து வந்தவன் குமார். உன் கம்பெனி பஸ் டிரைவர். நீ எழுதியதைத் தாளே இல்லாமல் சொன்னான்.

ஜன்னலோரம் எனக்கென்று விட்டுவைத்தாய்,
கொஞ்சம் காற்றையும் சேர்த்து.
வீடு வருகிறது, தெரிகிறது.
இன்னும் ஒரு சுற்று போய் வாயேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவனிடம் நேராகப் போனேன். “அது யாருக்கு எழுதுனது?” என்றேன்.

ஏற இறங்கப் பார்த்தான். நான் யாரென்று புரிந்ததும் டீயைக் கீழே வைத்தான். “பஸ்ஸுக்குண்ணே. ஷிப்டு வுட்டு வரசொல்லோ பொண்ணுங்க அல்லாரும் என்னாண்ட இதத்தான் சொல்லுவாங்க. வூட்டுக்குப் போனா சமையலு, துணி. கொஞ்சம் சுத்திக்கினு போண்ணான்னு. அக்காதான் அத்தக் கவிதையாக்குச்சு.”

பக்கத்தில் நின்ற, உன்னோடு கம்பெனி லைனில் வேலை பார்த்த பெண்கள் ஆமாம் என்று சிரித்தார்கள். ஒருத்தி அந்த வரிகளை அவன் சொன்னதைவிட நன்றாகச் சொன்னாள். நம்பினேனா? முக்கால்வாசி.

மிச்சத்துக்குத் தேவகியைத் தேடிப் போனேன். கவிதை எழுதுவது ஒரு குற்றமா, என்னிடம் ஏன் ஓ.டி. என்று சொல்ல வேண்டும் என்று கேட்டேன்.

“நானும் கேட்டேங்க. ‘அவங்ககிட்ட காட்டுனா அவங்க மூஞ்சியவே பாத்துட்டு இருப்பேன். அப்புறம் அவங்களுக்குப் புடிச்ச மாதிரியே எழுத ஆரம்பிச்சிருவேன்’னு சொன்னாங்க.”

அது உன் பேச்சுதான். யாரும் இட்டுக்கட்ட முடியாது. ஜவுளிக் கடையில்கூட நீ சேலையைப் பார்க்காமல் என்னைத்தானே பார்ப்பாய்.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. இன்னும் ஒரு சுற்று கேட்டாயே, உனக்கு அலுத்தது அடுப்பும் துணியுமா? இல்லை, வீட்டுக் கதவைத் திறந்துவிட்ட நானுமா? குமாரும் தேவகியும் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

வரும் ஞாயிறு அவர்கள் கூட்டத்தில் உன் மற்ற கவிதைகளை வாசிக்கிறார்களாம். என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். போகிறேன். எந்த வரி யாரைப் பற்றி என்று ஒருவரையும் கேட்க மாட்டேன். எனக்குப் பிடிக்காத வரி வந்தாலும் எழுந்து வர மாட்டேன், சத்தியம்.

சந்தேகம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிற
உன் வீட்டுக்காரன்,
இசக்கி