காணாமல் போன பதினாலு காட்சிகள்

மார்ச் 3, ஞாயிறு

கம்ப்யூட்டரில் விண்டோஸை நானே புதிதாகப் போட்டுவிட்டேன். கடைக்குக் கொண்டுபோகவில்லை, யாரையும் கேட்கவில்லை. ஃபோனில் வீடியோ பார்த்தே முடித்தேன். பழைய சனியன் இப்போது பட்டென்று திறக்கிறது. பெருமையாக இருக்கிறது.

மார்ச் 4, திங்கள்

பெருமை போயிற்று. இவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மவுஸை அங்கேயும் இங்கேயும் தட்டினார். அப்புறம், "காமு, டி எங்கே?"

டி டிரைவ் இல்லை. சி மட்டும் நிற்கிறது. டி-யில்தான் இவருடைய நாடகம். ஏலூர் ஃபாக்டரியில் ரிடையர் ஆனதிலிருந்து எழுதியது, பதினாலு காட்சி. மாசக் கடைசியில் எங்கள் மட்டாஞ்சேரி சமாஜத்தின் ஆண்டு விழாவில் போட வேண்டியது.

நான் சி-யை மட்டும்தான் அழித்தேன். டி-யைத் தொடவே இல்லை. தொட்டேனா?

"பென்டிரைவில் ஒரு காப்பி வெச்சிருந்தேளே?"

"அதை அழிச்சுட்டுத்தானே நீ காருக்குப் பாட்டு ஏத்தினாய்."

திட்டியிருக்கலாம். திட்டாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

மார்ச் 5

பக்கத்து வீட்டு மாதுரிக்கு விஷயம் எட்டிவிட்டது. நாடகத்தில் ராணி வேஷம் அவளுக்கு. ஐந்து பக்கம் தனியாக நின்று அழ வேண்டும். அவள் ஆபீசுக்குக் கிளம்பும்போது என்னை வழிமறித்தாள்.

"மாமி, போனது போனதுதானே? நிச்சயமா, உறப்பா?"

"தேடிண்டிருக்கேன்."

முகம் விழுந்துவிட்டது. "அத்தனை கஷ்டப்படாதேங்கோ மாமி. உடம்பு முக்கியம்."

மார்ச் 6

இவருடைய சிநேகிதர், மருந்துக்கடை நாணுதான் நாடகத்தில் ராஜா. அவரும் வந்தார். "மன்னி, விஸ்வம் போன மாசம் முழுசா வாசிச்சுக் காட்டினான். மூணு மணி நேரமாக்கும். மூணாவது காட்சியில அம்பு பட்ட ராஜா கடைசி வரைக்கும் செத்துண்டே இருக்கான்." குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு மாலை வாங்கிப் போடணும்."

எல்லோருக்கும் சந்தோஷம். இவர் மட்டும் சாயாவை ஆறவிட்டு வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு... பாவமாக இருக்கிறது.

மார்ச் 9, சனி

கிடைத்துவிட்டது! டி எங்கேயும் போகவில்லை. புது விண்டோஸ் அதற்கு எழுத்துக் கொடுக்க மறந்திருக்கிறது, அவ்வளவுதான். டிஸ்க் மேனேஜ்மென்டில் பேர் இல்லாத நீலப்பட்டையாக உட்கார்ந்திருந்தது. 'டி' என்று கொடுத்ததும் வந்து நின்றது.

இவருடைய ஃபோல்டரைத் தட்டினால், திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை என்கிறது. பழைய விண்டோஸில் இருந்த விஸ்வநாத் வேறாம், இப்போது இருக்கிறவர் வேறாம். எழுதினவருக்கே அனுமதி இல்லை! உரிமையை மாற்றி உள்ளே போனேன். பதினாலும் பத்திரம்.

சொல்ல ஓடினேன். இவர் முன்னறையில் பேப்பரும் பேனாவுமாகத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

"இரு காமு. முதலேர்ந்து வேற மாதிரி எழுதறேன். ராஜா முதல் காட்சியிலேயே செத்துட்டா என்ன? வெளியில தெரியாம மறைக்கணும்னு எல்லாரும் ஓடறா."

சிரிப்பு வந்துவிட்டது. எனக்கா! இவர் எழுதியதற்கா!

வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் 10

நாளைக்குச் சொல்கிறேன்.

மார்ச் 11

நாளைக்கு.

மார்ச் 17, ஞாயிறு

ஒத்திகை. புது நாடகத்தில் நாலே காட்சி. மாதுரியின் அழுகை ரெண்டு வரி ஆகிவிட்டது. "மாமி, மாமாகிட்ட சொல்லி எனக்கு இன்னும் கொஞ்சம் வசனம் வாங்கித் தரேளா?"

இவளை என்ன செய்வது?

மார்ச் 30, சனி

நாடகம் நடந்தது. செத்த ராஜா சிம்மாசனத்தில் சாய்ந்திருக்க, மட்டாஞ்சேரிக் கொசு விடுமா? பொறுத்துப் பார்த்து, கன்னத்தில் ஓங்கி ஓர் அடி அடித்துக்கொண்டார் நாணு. மாதுரி உடனே, "பார்த்தீர்களா, மன்னருக்கு உயிர் இருக்கிறது!" என்றாள். அது வசனத்திலேயே இல்லை. ஹாலே அதிர்ந்தது. இவர் திரைக்குப் பின்னால் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 31

காலையில் இவரே ஆரம்பித்தார். "டி வந்துடுத்தே. ஏன் சொல்லலை?"

எனக்குச் சாயா புரையேறியது. "எப்போ பாத்தேள்?"

"நீ மீட்ட அன்னிக்கு ராத்திரியே. பழைய நாடகத்தைத் திறந்து வாசிச்சேன்."

"முழுசுமா?"

"ஒண்ணரைக் காட்சி. தூக்கம் வந்துடுத்து."