கூரையைக் கழட்டிக்கொண்டு போனவன்

மாசி 4, செவ்வாய்

காலமை நல்ல பனி. நெல்லுக் காயப் போட ஏலாது. இருமல் பரவாயில்லை.

இந்தப் போனுக்கு வாயால சொன்னால் அதுவே எழுதுது, கேட்டால் திருப்பி வாசிக்குது. பேத்தி தர்சிகா பூட்டித் தந்தது. பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவனுக்கு இந்த வயதில் ஒரு கிளாக்கர்.

வெள்ளிக்கிழமை மல்லாவியில் காணி விசாரணை. கொண்டுபோக: அடையாள அட்டை, பழைய காணிப் பெர்மிட்டின் போட்டோக்கொப்பி, விதானையாரின் கடிதம், பிரஷர்க் குளிசை. காணி இரண்டரை ஏக்கர். சண்டை முடிஞ்சு போய்ப் பாத்தால் சுத்திவரக் கம்பி, அரச காணி எண்டு பலகை. திரும்பி வந்த நாள் தொட்டு எழுதிப் போட்டு இப்பதான் கூப்பிட்டிருக்கினம்.

நாளைக்கு தர்சிகா யாழ்ப்பாணத்தால வாறாள். சட்டம், கடைசி வருசம். பல்கலைக்கழகம் கிடைச்ச அண்டு என்ரை கையைப் பிடிச்சு, "உங்கடை காணிக்காகத்தான் அப்பப்பா படிக்கப் போறன்" எண்டவள். போன வருச லீவில் மூண்டு நாள் எனக்கு முன்னால குந்தி இருந்து எல்லாத்தையும் போனில் பதிஞ்சவள். ஒண்டும் மறைக்காமல் சொன்னனான். வடக்கு எல்லையில் பாலை மரம். தென்னை பதினாலு. கடைசி இடப்பெயர்வில் வீட்டுக் கூரைத் தகரம் இருபத்திரண்டையும் கழட்டி உழவு மெசினில் ஏத்தினது. ஊர் முழுக்க அப்பிடித்தான் செய்தது. போற இடத்தில் மழைக்கு என்னத்தை மூடுறது? மாறி மாறி ஓடி, ஆறாவது இடத்தில் தகரம் செல்லுக்குப் பதுங்கின பங்கருக்கு மேல போச்சு. அங்கேயே விட்டது.

மாசி 5, புதன்

பிள்ளை வந்திட்டாள். மெலிஞ்சு போனாள். நல்ல செய்தியோட: கொழும்பில் சட்டப் பிள்ளையளுக்கு வைச்ச வாதாடுற போட்டியில் அவளின்ரை கூட்டம் முதலாவது. அடுத்த மாதம் பெரிய போட்டிக்கு ஒல்லாந்து நாட்டுக்குப் போகினமாம். அங்கை நல்லா வாதாடினால் சர்வதேசச் சட்டம் படிக்க ஒரு வருசம் அவையே இடம் குடுப்பினமாம். மருமகள் பாயாசம் வைச்சா.

போட்டி வீடியோவை மருமகள் எல்லாரையும் இருத்திக் காட்டினா. பக்கத்து வீட்டுச் செல்லத்துரையும் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்திட்டார். தபால் கந்தோரில் வேலை செய்தவர், இங்கிலீசு தெரியும். கறுப்புக் கோட்டோட பிள்ளை நிக்கிறாள். எனக்கு விளங்காட்டிலும் நெஞ்சு விரிஞ்சு போச்சு.

"என்ன சொல்லுறாள், செல்லத்துரை?"

"அரசாங்கத்துக்காகக் கதைக்கிறாள். சண்டைக்குள்ள விட்டிட்டுப் போன சனத்துக்குக் காணியைத் திருப்பிக் குடுக்கத் தேவையில்லையாம்."

குசினியில் இருந்து தர்சிகா ஓடி வந்தாள். "அங்கிள், அதை விடுங்கோ."

"பொறு பிள்ளை, ருசியான இடம். கூரையைத் தானே கழட்டிக்கொண்டு போனவன் திரும்பி வாற எண்ணத்தோட போகேல்லை, காணியைக் கைவிட்டவன் எண்டு சொல்லுறாள். உங்கை நீதவான்மார் தலையாட்டினம்! அண்ணை, பேத்தி உங்களையே அவுட்டாக்கிப் போட்டாள்."

எல்லாரும் சிரிச்சவை. மருமகளும். பாயாசத்தைப் பாதியில வைச்சிட்டு எழும்பினன்.

மாசி 6, வியாழன்

வெயில். கால் வீக்கம்.

விடியவே வந்து பக்கத்தில் இருந்தாள். அது பொய்க் கோடாம், உண்மையான நீதிமன்றம் இல்லையாம். நாடும் பொய், சனமும் பொய். ஆர் எந்தப் பக்கம் எண்டு சீட்டு இழுக்கிறதாம். எல்லாரும் இரண்டு பக்கமும் வாதாடப் பழக வேணுமாம். கடைசிப் போட்டியில் இவைக்கு அரசாங்கப் பக்கம் விழுந்ததாம்.

"அது என்ரை நினைப்பில்லை அப்பப்பா. சீட்டு."

"சீட்டு பக்கத்தைத் தந்தது. தகரத்தை ஆர் தந்தது?"

"ஒரு புத்தகத்திலும் இல்லாத நியாயம் எண்டு மூண்டு நீதவான்மாரும் மெச்சினவை" எண்டாள். மெச்சாமல்? எந்தப் புத்தகத்தில் இருக்கும்?

தகரம் கழட்டேக்கை என்ரை மனிசி கீழ நிண்டு ஆணியளைப் பொறுக்கி மிளகாய்த்தூள் ரின்னில் போட்டவள். திரும்பி வந்து அதே ஓட்டையளில் அடிக்க. அதையும் பிள்ளைக்குச் சொன்னனான், தகரத்துக்கு அடுத்த கதையே அதுதான். வீடியோவில் ஆணி வந்ததோ எண்டு செல்லத்துரையிட்டைக் கேட்டன். வரேல்லையாம்.

மருமகள்: "மாமா, பிள்ளை வெளிநாடு போகப் போகுது, முகத்தை நீட்டிக்கொண்டு இராதேங்கோ." மத்தியானம் சாப்பிடேல்லை. பசிக்கேல்லை எண்டு சொன்னது பொய்.

மாசி 7, வெள்ளி

முதல் பஸ். தர்சிகாவை வராதை எண்டு சொன்னன், வந்தாள். பின் சீற்றில் இருந்தாள்.

காணிக் கந்தோரில் விசாரிச்ச பெடியன் நல்லவன். ஐயா எண்டுதான் கூப்பிட்டவன். எல்லை கேட்டான், சொன்னன். கிணத்தின் ஆழம் கேட்டான், சொன்னன். பிறகு, "போகேக்கை வீடு எப்பிடி இருந்தது, ஐயா?"

சும்மா கேட்டது. எனக்குக் கேட்டது பேத்தியின்ரை குரல்.

"கூரையோட இருந்தது. ஒரு தகரமும் கழட்டேல்லை."

எழுதினான். வாசிச்சுக் காட்டினான். பெருவிரல் வைச்சன். பக்கத்துக் கதிரையில் தர்சிகா நிலத்தைப் பாத்தபடி.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"ஏன் அப்பப்பா? கழட்டினது எண்டாலும் ஒரு பிழையும் இல்லை. எல்லாரும் செய்தது. இப்ப பொய் எண்டு தெரிஞ்சால்தான் பிழை."

"ஆர் சொல்லுறது? கழட்டினதை என்ரை வாயால கேட்டு வைச்சிருக்கிறது நீ ஒருத்திதான்."

அழுதாள். தேற்றேல்லை. காணி விசயத்தில் இவ்வளவு காலத்துக்கு நான் சொன்ன முதல் பொய், அதுவும் கைநாட்டோட.

ஓமந்தை தாண்டினாப் பிறகு, "ஒல்லாந்துக்கு நான் போகட்டோ, விடட்டோ?" எண்டாள்.

போ எண்டன். அங்கை எந்தப் பக்கம் விழுந்தாலும் எங்கடை வீட்டுக்குள்ள போகாதை எண்டன்.