அக்கா குவைத் போனால் கூடை யாருக்கு?

1977 ஜூன் 12, ஞாயிறு

அக்கா தூங்கிவிட்டாள். எங்கள் இருவருக்கும் ஒரே கம்பளி. அதன் ஒரு முனையைத் திரையாகப் பிடித்துக்கொண்டு, சிம்னி விளக்கைச் சின்னதாக வைத்து எழுதுகிறேன். அம்மா பார்த்தால் மண்ணெண்ணெய்க்கு ஒரு அடி, எழுதியதற்கு ஒரு அடி.

போன மாதம்தான் சாந்தக்காவுக்குக் கல்யாணம். நல்லதம்பி அத்தானுக்குக் குவைத்தில் லாரி ஓட்டுகிற வேலை. இப்போது அக்காவையும் கூட்டிப் போகிறாராம்; அதுவரை அக்கா கொழுந்து பறிக்க இங்கேயே. எஸ்டேட் லயத்து வரிசை வீடுகள் முழுக்க இதே பேச்சு, எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் இல்லை.

அம்மா சட்டி கழுவிக்கொண்டே சொன்னாள்: "எஸ்டேட்டுல சாந்தா பேரு காலியாகுதுல்ல. அதுல பூமாரியப் போட்டுருவோம். வெளியாளு கைக்குப் போச்சுன்னா திரும்பக் கிடைக்காது."

பூமாரி என்றால் நான். என்னைக் கேட்காமலே என்னைப் போடுகிறார்கள். அக்காவின் கூடை என் முதுகுக்கு வந்தால் எட்டாம் வகுப்பு என்ன ஆகும்? அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

ஜூன் 14

ஒரு வழி இருக்கிறது. அக்காவே போகாவிட்டால்?

ஜூன் 16, வியாழன்

குழாயடியில் ஆரம்பித்தேன். "அக்கா, குவைத்துல குடிக்கிற தண்ணியக்கூட வெலைக்குத்தான் வாங்கணுமாம்."

"யாருடி சொன்னா?"

"எங்க டீச்சர்." (டீச்சர் குவைத் என்ற பேரையே எடுத்ததில்லை.)

"தக்காளிய எண்ணித்தான் விப்பாங்களாம். வாடகை கட்ட முடியாம ஒரே ரூமுல ரெண்டு குடும்பம் இருக்குமாம். நடுவுல ஒரு துணியாம்." பள்ளிக்கூட நாடகத் திரையை நினைத்துத்தான் அந்தத் துணியைக் கட்டினேன்.

அக்கா முகம் செத்துப்போயிற்று. சோறுகூடச் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் பங்குக் கருவாட்டையும் நானே தின்றேன்.

ஜூன் 19, ஞாயிறு

அத்தான் கம்பத்தில் தன் வீட்டிலிருந்து திராட்சையோடு வந்தார். உட்காருவதற்குள் அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். நான் கதவுக்குப் பின்னால். இன்றோடு என் பொய் அம்பலம்.

"ஆமா, தண்ணி லாரியில வரும். காசுதான்" என்றார் அத்தான்.

"தக்காளி?"

"நிறுத்துதான் குடுப்பான். வெலையக் கேட்டா நமக்கு எண்ணித்தான் வாங்கத் தோணும்."

"ரூமு?"

அத்தான் தலையைச் சொறிந்தார். "அதச் சொல்லணும்னுதான்... எங்கூட லாரி ஓட்டுற செபாஸ்டினும் அவன் சம்சாரமும், நாமளும் ஒரே ரூமு. நடுவுல ஏதாச்சும் துணியக் கட்டிக்கலாம்."

என் வாய் என்ன வாய்! பரீட்சையில் முதல் மார்க்கு என்றும் சொல்லிவைத்திருக்கலாம்.

இனி அக்கா அழுவாள் என்று பார்த்தால், சிரிக்கிறாள். "இங்க மட்டும் பங்களாவுலயா இருக்கோம்? அடுத்த வீட்டுக்காரன் தும்முனா, ஆயுசுக்கு நாமதான் நூறு சொல்றோம்."

போச்சு.

ஜூன் 22

அம்மா சூப்பர்வைசர் சுவக்கீனிடம் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு, அன்றைக்கு என்னைத் தேயிலைக் காட்டில் இறக்கி, எப்படிக் கிள்ளுகிறேன் என்று கை பார்ப்பாராம். பயமாக இருக்கிறது. அவர் விசில் ஊதினாலே எனக்குக் காய்ச்சல் வரும்.

ஜூன் 25, சனி

மழை. கால் விரல் இடுக்கில் எல்லாம் அட்டை. எனக்கு ஒரு நிரை தேயிலைச் செடியைக் காட்டி நிறுத்தினார்கள். ரெண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ள வேண்டும். நான் அடியில் கிடந்த முத்தல் இலையையும் காம்பையும் பறித்துக் கூடையை நிரப்பினேன்.

சுவக்கீன் சாக்கில் கொட்டிப் பார்த்தார். விசில் வாயிலிருந்து விழுந்தது. "எந்தா பெண்ணே இது? மாட்டுக்கா? சுருளியம்மா மகளாடீ நீ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் உள்ளுக்குள் சிரித்தேன், அம்மாவைப் பார்க்கும்வரை. இந்தக் காட்டிலேயே நல்ல கை என்று பேரெடுத்தவள். வீடு வரும்வரை என் கூடையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு முன்னால் நடந்தாள். ரெண்டு சாத்து சாத்தியிருக்கலாம்.

ஜூன் 26

மாட்டிக்கொண்டேன்.

அக்கா என்னை விறகுக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். "ஒன் நிரையப் போய்ப் பாத்தேன்டி. ஒரு கொழுந்து குறையாமச் செடியில நிக்குது. தெரியாதவ பிச்சா நல்லதும் கெட்டதும் கலந்து வரும். நீ முத்தல மட்டும் பொறுக்கி எடுத்திருக்க. இப்பிடி எடுக்க என்னாலயே ஆகாது."

"அம்மாட்டச் சொல்லிருவியா?"

"குவைத் கதையும் இதுக்குத்தானா?"

தலையை ஆட்டினேன். காதைப் பிடித்துத் திருகினாள். "என்னய விட்டுட்டு இருக்க முடியாமப் பொலம்புறேன்னு நெனச்சேன். கழுத, கூடைக்கா பயந்த!"

அதுவும்தான் அக்கா. சொல்ல வாய் வரவில்லை. பொய் என்றால் எப்படி வருகிறது!

ஜூன் 28

அக்கா அம்மாவிடம்: "இவ கைக்கு ஆகாதும்மா, காடே சிரிக்கும். மாமன் மக அழகுத்தாயக் கம்பத்துலருந்து வரச் சொல்லு. கூடை நம்ம வீட்டுலயே இருக்கும்."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "படிப்பாச்சும் வருதான்னு பாப்போம்."

தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தால் சிரிப்பு தெரிந்துவிடும். அக்காவும் எதையோ தேடுவதுபோல் அடுப்புக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 3, ஞாயிறு

நாளைக்குக் கிளம்புகிறார்கள். அந்த ஊர் வெயில் நெருப்பாம், கனத்த துணி எதுவும் எடுக்கக் கூடாது என்று அத்தான் உத்தரவு. பெட்டியின் அடியில், தேயிலைத்தூள் பொட்டலங்களுக்குக் கீழே, எங்கள் கம்பளியை மடித்து வைத்துவிட்டேன். பெட்டியைத் திறந்து அத்தான் கத்தட்டும்.

ஜூலை 4

ஜீப் வளைவு திரும்பும்வரை அழவில்லை. திரும்பியதும் ஆரம்பித்தேன். ஜீப் திரும்பி வந்துவிட்டது, அக்கா செருப்பை மறந்துவிட்டாளாம். மறுபடி முதலிலிருந்து அழ வேண்டியதாயிற்று.

ஆகஸ்ட் 16, செவ்வாய்

அக்காவிடமிருந்து கடிதம். கோணல் எழுத்து. திரைக்குத் துணி வாங்கக் கடைக்குப் போனார்களாம். விலையைக் கேட்டு அத்தான் கும்பிட்டுவிட்டு வந்தாராம். அதனால் கம்பளியைத்தான் நடுவில் கட்டியிருக்கிறார்களாம். அந்தப் பக்கம் செபாஸ்டின் சம்சாரம் தும்மினால், இந்தப் பக்கம் அக்கா நூறு சொல்கிறாளாம்.

கம்பளி வரியை மட்டும் விட்டுவிட்டு அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா இன்னும் அதைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

நாளைக்கு ஓண லீவுக்கு முந்திய பரீட்சை தொடங்குகிறது. முதலில் கணக்கு. அம்மாவின் பழைய சேலையை நாலாக மடித்துப் போர்த்தியும் குளிர் விடவில்லை. அக்கா இடத்தில் அழகுத்தாய் மதினி, பெரிய குறட்டை.

இப்போதுதான் தும்மினேன். யாரும் விழிக்கவில்லை. நூறு என்று நானே சொல்லிக்கொண்டேன்.